கேட்குந்தோறும் வளரும் குரல்

இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுதி: ஒரு திறனாய்வு

ஆசிரியரிடம் பாடங் கேட்கும் மாணவன் ஒரு முறை கேட்டதோடு அமைந்துவிடலாகாது என்பது நன்னூலார் கொள்கை. இரண்டாம் முறை கேட்டால் அவனிடத்துப் பிழை பெரிதும் நீங்கும் என்றும், மூன்றாம் முறை கேட்டால் நூலின் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதியைப் பெறுவான் என்றும் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் வகுத்துரைக்கிறார். பண்புடையாரின் நட்புக்கு உவமை தேடிய திருவள்ளுவரும், படிக்குந்தோறும் இன்பம் மிகும் நூலையே எடுத்துக்கொண்டார். பலகாற் பயின்றாலன்றிப் பொருளின் ஆழம் புலப்படாது என்பதில் நம் முன்னோர்க்கு ஐயம் இருந்ததில்லை.

நூலுக்குப் பொருந்தும் இவ்விதி இசைத்தட்டுக்கும் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினா. நூலைத் திரும்பப் படிப்பவன் தன் முயற்சியால் படிக்கிறான். இசைத்தட்டோ, கேட்பவன் கருத்தூன்றினாலும் ஊன்றாவிட்டாலும் தானே சுழன்றுகொண்டிருக்கும். முதல் நாள் பிடிக்காத பாட்டு பத்தாம் நாள் பிடித்துவிடுமாயின், அது பாட்டின் சிறப்பா, காதின் பழக்கமா? தமக்கு உகந்த பாடகர் ஒருவர் புதிய தொகுதி ஒன்றை வெளியிடும்போது இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. அவர் மீதுள்ள அன்பே இரசிகரைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்கிறது. அந்த அன்பே தீர்ப்பையும் திரித்துவிடலாமல்லவா?

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற சான்றாக, 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுதியைக் கொள்ளலாம். அது வெளிவந்தபோது பாராட்டும் மறுப்பும் கலந்தே எழுந்தன. முதல் முறை கேட்டு ஏமாற்றமடைந்தவர் பலர். அவருள் ஒரு சாரார் பின்னர் அதனை விடமுடியாதவராயினர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அது நம்பத்தக்கதா என்பதைக் காண்பதே ஈண்டு நோக்கமாகும்.

தொகுதியின் அமைப்பு

மாணிக்கவாசகர் அருளிய திருவாசகம் பன்னிரு திருமுறைகளுள் எட்டாவதாகத் திருக்கோவையாரோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. அதன்கண் 51 பகுதிகள் உள. அவற்றுள் ஆறிலிருந்து சில பாடல்களையும் அடிகளையும் தேர்ந்து, மேலைநாட்டுப் பல்லியத்தோடு இணைத்து ஆறு இசைப் பாடல்களாக இளையராஜா அமைத்தார். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. லாஸ்லோ கோவாக்ஸ் குழுவை நடத்தினார். சிவபுராணப் பகுதியில் இடையிடையே வரும் ஆங்கில அடிகளை, அமெரிக்க இசை நாடகங்களுக்குப் பாடல் எழுதிப் பெயர்பெற்ற ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். தமிழ் மையம் என்னும் அமைப்பின் சார்பில் கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பார் ராஜ் இதனை வெளிக்கொணர முன்னின்றார். 1900-ஆம் ஆண்டில் தம் எண்பதாம் வயதில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப்பும் ஒரு கிறித்துவ சமயத் தொண்டரே. சைவத் திருமறை ஒன்றைக் கடல் கடந்தோர் காதிற்கும் கொண்டுசெல்லும் பணியில் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இருமுறையும் பிற சமயத்தார் கைகொடுத்தமை மனங்கொள்ளத்தக்கது.

‘சிம்பொனியில் திருவாசகம்’ என்று இது பரவலாகக் குறிக்கப்பட்டது. இசை இலக்கணப்படி அப்பெயர் முற்றும் பொருந்தாது. சிம்பொனி என்பது கருவிகளையே முதன்மையாகக் கொண்டு பல பிரிவுகளாக அமையும் நெடிய வடிவம். சமயப் பொருள் கொண்ட பாடலைத் தனிக்குரலும் குழுக்குரலும் பல்லியமும் சேர்ந்து, நடிப்பின்றி இசைப்பது ஒரட்டோரியோ எனப்படும். 1742-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹாண்டெலின் ‘மெசையா’ அவ்வகையில் உலகறிந்தது. இளையராஜாவின் திருவாசகமும் அவ்வகையைச் சேர்ந்ததே. முழுமையான சிம்பொனி வடிவில் அவர் இயற்றிய ‘வேலியண்ட்’ 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. பெயரைப் பற்றிய இவ்விளக்கம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிம்பொனி என்று எண்ணிக் கேட்பவர் பல்லியத்தையே தேடுவர். குரலை இடையூறாகக் கருதுவர். ஒரட்டோரியோ என்று அறிந்து கேட்பவர்க்கோ குரலே நடுநாயகம்.

முதற் கேள்வியின் ஏமாற்றம்

முதல் முறை கேட்பவரை இத்தொகுதி எளிதில் ஈர்ப்பதில்லை. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, ஓதுவார் மரபு. தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டுள்ளது; திருவாசகத்திற்கு அவ்வாறு இல்லை. எனினும் அதனை மோகன இராகத்தில் ஓதுவதே நெடுங்கால வழக்கமாக நிலைத்துவிட்டது. கோயில்களிலும் இல்லங்களிலும் அவ்விசையைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, திருவாசகம் என்றாலே மோகனத்தின் ஐந்து சுரங்கள் நினைவில் எழும். அவ்வெதிர்பார்ப்போடு அமர்பவர்க்கு, வயலின்களும் பித்தளைக் குழல்களும் திரண்டெழும் ஒலி அயல்வீட்டு ஒலியாகவே படும்.

இரண்டாவது, திரையிசைப் பழக்கம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்ததுமுதல் இளையராஜாவின் பாடல்கள் தமிழர் வாழுமிடமெங்கும் ஒலித்து வந்துள்ளன. அவை நான்கைந்து நிமிடங்களில் முடிபவை. பல்லவி ஒரு முறை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும். திருவாசகத் தொகுதியில் சிவபுராணப் பகுதி மட்டுமே இருபது நிமிட அளவு நீள்கிறது. திரும்பி வரும் பல்லவியை எதிர்நோக்குபவர் பாதி வழியிலேயே களைத்துப் போவர்.

மூன்றாவதே தலையாயது. அது பாடுபவரின் குரல்.

அந்தக் குரல்

இளையராஜாவைப் பாடகராகவே பெரிதும் விரும்புவோர் உளர். அவருடைய குரல் நீண்ட சங்கீதப் பயிற்சியால் மெருகேறிய குரல் அன்று. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்து, இளமையில் தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பாடிய குரல் அது. அதன்கண் நாட்டுப்புறச் சாயல் உண்டு. சற்றே மூக்கொலியும் உண்டு. திரைப்படங்களில் தாயின் பெருமை, இழப்பு, தாலாட்டு, இறைவேட்கை ஆகியவை வருமிடங்களில் அக்குரல் தனிச்சிறப்புப் பெற்றது. ‘தாய் மூகாம்பிகை’ (1982), ‘நாயகன்’ (1987) முதலிய படங்களில் அவர் பாடிய பாடல்களை நினைவுகூர்வோர் இதனை உணர்வர்.

ஆயினும் எண்பது, நூறு கருவிகளுக்குரிய இடமுள்ள பெரும் பல்லியத்தின் முன்னே அக்குரல் நிற்கும்போது, முதற் கேள்வியில் அது மெலிந்து தோன்றுகிறது. அவருடைய பாடல்களைப் பாடிப் புகழ்பெற்ற பயிற்சி மிக்க பாடகர் பலர் இருக்க, தலையாய பகுதிகளைத் தாமே பாடியது ஏன் என்ற வினா எழுவது இயல்பு. சிலர் இதனைத் தன்முனைப்பு என்றும் கருதினர். இவ்வினாவுக்கு இசைத்தட்டே மெல்ல மெல்ல விடை கூறுகிறது. முதல் நாளில் கூறுவதில்லை.

சிவபுராணப் பகுதியை ஐந்தாறு முறை கேட்டபின் விடை தெளிவாகத் தொடங்கும். 95 அடிகளில் அமைந்த அக்கலிவெண்பாவில், இறைவனின் புகழை எவ்வாறு பாடுவதென்று அறியாது அடிகள் தம் சிறுமையை எண்ணித் திகைக்குமிடத்திலிருந்து இளையராஜா தொடங்குகிறார். அதனையடுத்து, புல் முதலாகத் தேவர் ஈறாகப் பதினான்கு வகைப் பிறப்புகளை அடிகள் அடுக்குகிறார். அத்தனையும் பிறந்து பிறந்து இளைத்துவிட்டதாக முறையிடுகிறார். ஈண்டு பேசுபவன் வெற்றி பெற்றவன் அல்லன், களைத்தவன். பயிற்சி மிக்க குரல் இவ்வடிகளை எடுத்தால் கமகத்தாலும் கார்வையாலும் அவற்றை அழகுசெய்யும், களைப்பு கலையாகிவிடும். இளையராஜாவின் குரலில் களைப்பு களைப்பாகவே நிற்கிறது. பெரும் பல்லியம் சூழ்ந்தெழும்போது அக்குரல் சிறுத்துத் தோன்றுவதும் குறையாகப் படாமல் பொருளாகவே படத் தொடங்குகிறது. அண்டத்தின் முன்னே நிற்கும் ஓர் உயிர் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறியதாக அக்குரல் இருக்கிறது. முதல் நாள் குறையென்று தள்ளியது எதுவோ, அதுவே பத்தாம் நாளில் காரணமாகி நிற்பதைக் கேட்பவர் உணர்வர்.

வள்ளலார் மாணிக்கவாசகரின் வாசகத்தைத் தாம் அதனோடு ஒன்றிப் பாடும்போது, அது தம் ஊனிலும் உயிரிலும் கலந்து தெவிட்டாது இனிப்பதாகப் போற்றியுள்ளார். அவர் கூறியவற்றுள் இரண்டு கருத்துகள் ஈண்டு இன்றியமையாதன. ஒன்று, பாடுபவர் பாட்டிற்கு வெளியே நின்று அதனை நிகழ்த்திக் காட்டாமல் அதனுள் கலத்தல், மற்றொன்று, தெவிட்டாமை. கலவாத பாட்டு எத்துணை இனிமையாயினும் சில நாளில் தெவிட்டும். இத்தொகுதியில் இளையராஜா கலந்து பாடியிருக்கிறாரா என்பதற்குக் கேட்பவரின் தெவிட்டாமையே சான்று. அச்சான்று ஒரு நாளில் கிடைப்பதன்று.

மறுமுறையில் புலப்படும் ஒழுங்கு

குரல் பழகியபின் காது வேறிடங்களுக்குச் செல்கிறது. முதற் கேள்வியில் ஒரே ஒலித்திரளாக இருந்த பல்லியம், தனித்தனி இழைகளாகப் பிரியத் தொடங்கும். குரல் ஓரடியை முடித்து மூச்சு வாங்குமிடத்தில் தந்திக் கருவிகள் அவ்வுணர்வை ஏந்திச் செல்வதும், குரலுக்குக் கீழே மற்றொரு மெட்டு தன்வழியே நடப்பதும் புலப்படும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’ (1986) என்னும் கருவியிசைத் தொகுதியைப் படைத்தவர் இளையராஜா. பல மெட்டுகளை ஒரே நேரத்தில் உடன்செல்ல விடும் கலை அவர்க்குப் புதிதன்று. நம் செவி ஒற்றை மெட்டைப் பின்பற்றிப் பழகியது. இரண்டாவது மெட்டைக் கேட்க அதற்குக் காலம் வேண்டும். இது செவியின் குற்றமுமன்று, இசையின் குற்றமுமன்று.

அடுத்துப் புலப்படுவது பாடல்களின் வரிசை. திருவாசக ஏட்டைக் கையிலெடுத்து ஒப்பிடுவோர், இளையராஜா நூல்வரிசையைப் பின்பற்றவில்லை என்பதைக் காண்பர். தொகுதியின் முதற் பாடல் நூலில் 45-ஆவதாக உள்ள யாத்திரைப்பத்திலிருந்து வருகிறது. அடுத்தது முதற் பகுதியாகிய சிவபுராணம். பின்னர்ப் 10-ஆவதாகிய திருக்கோத்தும்பி, 37-ஆவதாகிய பிடித்தபத்து, 9-ஆவதாகிய திருப்பொற்சுண்ணம், இறுதியில் 35-ஆவதாகிய அச்சப்பத்து. முதன்முறை இது தொடர்பற்ற தொகுப்பாகவே தோன்றும்.

முழுத் தொகுதியையும் இடைநிறுத்தாமல் பலமுறை கேட்போர்க்கு அதில் ஒரு பயணம் தெரியும். காலம் வந்துவிட்டது, பொய்யை விட்டுப் புறப்படுங்கள் என்னும் பொருள்பட யாத்திரைப்பத்து அடியார்களை அழைக்கிறது. புறப்படுபவன் எத்தனை பிறவிகள் நடந்து வந்தவன் என்னும் வரலாற்றைச் சிவபுராணம் கூறுகிறது. கோத்தும்பியில் அவன் வண்டைத் தூதாக விடுகிறான். பிடித்தபத்தில் இறைவனை உறுதியாகப் பற்றிக்கொள்கிறான். பொற்சுண்ணத்தில் மகளிர் கூடி உலக்கையெடுத்து, இறைவன் திருமுழுக்காட்டுக்கு நறுஞ்சுண்ணம் இடிக்கின்றனர். தனியொருவனின் ஏக்கம் ஊரார் விழாவாகிறது. அவ்விழாவோடு தொகுதி முடிந்திருந்தால் எல்லாம் இனிதாக நிறைவுற்றிருக்கும். ஆனால் அதன்பின் அச்சப்பத்து வருகிறது.

அச்சப்பத்தில் அடிகள் உலகத்தார் அஞ்சும் பொருள்களை அடுக்கி, அவற்றுக்குத் தாம் அஞ்சவில்லை என்கிறார். புற்றில் வாழும் பாம்பும் அவரை அச்சுறுத்தவில்லை. ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் தாம் மெய்யாகவே அஞ்சுவது எதற்கென்று வெளியிடுகிறார்: அன்பில்லாதவரைக் காண்பதற்கு, இறைவனை மறந்தவரைக் காண்பதற்கு. பற்றியது கைக்கு வந்தபின்னரே இழப்பைப் பற்றிய அச்சம் பிறக்கும். ஏதும் இல்லாதவனுக்கு அவ்வச்சம் இல்லை. விழாவுக்குப் பின் அச்சத்தை வைத்ததன் பொருத்தம் இதுவெனக் கொள்ளலாம். நூலைப் பலமுறை ஓதியவர்கூட இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருத்தல் அரிது. இசைத்தட்டு திருவாசகத்திற்கு ஓர் உரை எழுதியிருக்கிறது என்று இதனாற் கூறலாம்.

பொற்சுண்ணப் பாடலைப் பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். தொகுதியில் பல இளங்குரல்கள் ஒன்றுகூடும் பாடல் அது. தொழில் செய்வோர் பாட்டுக்குரிய துள்ளல் அதில் உண்டு. அக்குரல்களுள் ஒன்று இளையராஜாவின் மகள் பவதாரிணியுடையது. அவர் 2024-ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். இசைத்தட்டில் ஓர் ஒலியும் மாறவில்லை. ஆயினும் அதற்குப்பின் அப்பாடலைக் கேட்போர் முன்போல் கேட்பதற்கில்லை. திரும்பக் கேட்டல் என்பது அதே பாட்டுக்குத் திரும்புவதாயினும், திரும்புபவர் அதே மனிதராக இருப்பதில்லை.

பழக்கமா, உணர்வா?

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். இவ்வளவும் காதின் பழக்கத்தால் விளைந்த மயக்கமாக இருக்கலாகாதா?

இவ்வையத்திற்கு அடிப்படை உண்டு. அமெரிக்க உளநூல் அறிஞர் இராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பொருளற்ற சொற்களையும் அறியாத எழுத்துகளையும் முகங்களையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே அவர்கள் மிகுதியாக விரும்பினர். பொருளே இல்லாத சொல்லும் பழகப் பழக இனிக்குமாயின், திரும்பக் கேட்டதனால் பிறந்த விருப்பத்தை எப்படி நம்புவது? வானொலியும் கைப்பேசியும் ஒரே விளம்பரப் பாட்டை ஓயாது ஒலிக்கச் செய்வது இவ்வியல்பை நம்பித்தானே?

பழக்கத்தையும் உணர்வையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உள.

முதலாவது, பழக்கம் எல்லாவற்றையும் ஒருங்கே இனிதாக்கும், உணர்வோ தரம்பிரிக்கும். இத்தொகுதியைப் பலமுறை கேட்போர்க்குச் சில பகுதிகள் உயர்கின்றன, சில தாழ்கின்றன. சிவபுராணத்தில் இடையிட்டு வரும் ஆங்கில அடிகள் முதற் கேள்வியில் புதுமையால் கவர்கின்றன. தமிழறியாதார்க்கு அவை வாயிலாகவும் அமைகின்றன. ஆனால் தமிழ் அடிகளின் பொருளில் ஊன்றியவர்க்கு அவை நாளடைவில் பாட்டின் நடுவே செருகிய குறிப்புரையாகவே நிற்கின்றன; கேட்குந்தோறும் வளர்வதில்லை. அதுபோலவே, பல்லியமும் குழுக்குரலும் உச்சத்தில் ஒலிக்கும் சில இடங்களில் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. திருவாசகம் சொல்லால் ஆகிய நூல். அதன் சொல் கேளாதபோது ஒலி எத்துணைப் பெரிதாயினும் அது குறையே. நூறு முறை கேட்டாலும் அக்குறை நிறைவதில்லை. வெறும் பழக்கம் ஆயின் இக்குறைகளும் இனித்திருக்கும்.

இரண்டாவது, உணர்ந்தவர் தாம் எதனைக் கண்டார் என்பதைப் பிறர்க்குச் சுட்டிக்காட்ட இயலும். பழகியவர் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்குமேல் சொல்லமாட்டார். நன்னூலார் மூன்றாங் கேள்வியின் பயனாக எடுத்துரைக்கும் ஆற்றலைக் கூறியதன் நுட்பம் இதுவே. கேட்டதன் அளவு எண்ணிக்கையால் தெரியாது, எடுத்துரைத்தலால் தெரியும். குரலின் சிறுமை பொருளோடு பொருந்துவதையும், விழாவின்பின் அச்சம் வருவதையும் ஒருவர் காட்டினால், அதுவரை கவனியாத மற்றொருவர் தட்டைப் போட்டுத் தாமும் அறிந்துகொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம்.

மூன்றாவது, பழக்கம் கேட்பவரைத் தட்டிலேயே கட்டிப்போடும். உணர்வு அவரைத் தட்டிலிருந்து நூலுக்கு அனுப்பும். இத்தொகுதிக்குரிய மிகப் பெரிய சோதனை இதுவே எனலாம். ஆறு பாடல்களில் எடுத்தாளப்பட்டவை திருவாசகத்தின் மிகச் சிறு பகுதி. அவற்றைக் கேட்டவர் ஏட்டைத் திறந்து அப்பதிகத்தின் எஞ்சிய பாடல்களைப் படிப்பாராயின் இசை தன் கடமையைச் செய்ததாகும். பாட்டின் முதலடியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு அமைவாராயின், மெட்டு வென்று வாசகம் தோற்றதாகும்.

ஓதுதலும் கேட்டலும்

மலேசியாவில் திருமுறைக்குத் தனி வாழ்வு உண்டு. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் சிறுவர் முதல் பெரியோர் வரை பங்கேற்கின்றனர். கோயில்களில் திருவாசக முற்றோதலும் நடைபெற்று வருகிறது. இச்சூழலில், பல்லியத்தோடு வந்த திருவாசகத்தை ஓதுவார் மரபுக்குப் போட்டியாகக் கருதி அஞ்சுவோரும் உளர். மோகனத்தில் ஓதிவரும் பிள்ளை இம்மெட்டைக் கற்றுக்கொண்டால் மரபு குலையுமே என்பது அவர்தம் கவலை. அது புறந்தள்ளத்தக்க கவலையன்று. இருபுறமும் மெட்டு புகுந்து வாசகத்தை மறைக்கும் இடர் உண்டு.

எனினும் இரண்டின் பயனும் வேறு. ஓதுதலில் வாயே முதற்கருவி. ஒரே மெட்டு முன்னிற்பதால் சொல் மேலெழுந்து நினைவில் பதிகிறது. முற்றோதல் நூல் முழுவதையும் ஒருவர் நாவில் வைக்கிறது. இசைத்தொகுதியோ ஆறு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்தை விரித்துக் காட்டுகிறது. பரிசுக்காக மனப்பாடம் செய்த பிள்ளை, புல்லாகவும் மரமாகவும் பிறந்து களைத்தேன் என்னும் பொருளை வாயால் ஆயிரம் முறை சொல்லியும் களைப்பு என்னவென்று அறியாமலே இருத்தல் கூடும். அப்பிள்ளையின் செவியில் இளையராஜாவின் குரல் ஒரு நாள் விழுமாயின், தான் சுமந்துவந்த சொற்களின் எடை அதற்குத் தெரியவரும். இசையைக் கேட்டு உருகியவரோ, ஓதுவாரிடம் சென்றாலன்றி நூலின் முழுமையைப் பெறமாட்டார். ஓதுதலின்றிக் கேட்டல் அரைகுறை. கேட்டலின்றி ஓதுதல் உலர்ந்தது. ஒன்றை மற்றொன்றால் நிறைவு செய்துகொள்ளலே அறிவுடைமை.

திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெந்த வாசகத்துக்கும் உருகமாட்டார் என்பது தமிழகத்தின் பழமொழி. இப்பழமொழியைக் கொண்டு உருகாதவரைப் பழிப்பது எளிது. உருகுதற்கு முன்னே கேட்கவேண்டும் என்பதையும், ஒரு முறை கேட்டல் கேட்டலாகாது என்பதையும் பழிப்போர் மறந்துவிடுகின்றனர். இன்று ஒரு பாட்டின் முதல் அரை நிமிடத்தைக் கேட்டு விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குச் செல்வது எளிதாகிவிட்டது. அவ்வாறு தள்ளப்படும் பாடல்களுள் தள்ளத்தக்கனவே பல என்பதும் உண்மை. எல்லாப் பாட்டும் மறுமுறை கேட்கும் உரிமை பெற்றதன்று. பொருளுடைய சொல்லைப் பற்றிக்கொண்டு, அதன் முன்னே தன்னைச் சிறிதாக்கிக்கொண்டு பாடும் குரலுக்கு அவ்வுரிமை உண்டு.

இத்தொகுதியைப் புதிதாகக் கேட்க விழைவோர் திருவாசக ஏட்டை அருகில் வைத்துக்கொள்வது நலம். முதல் முறை சொல்லைப் பின்பற்றிக் கேட்கவேண்டும். இரண்டாம் முறை ஏட்டை மூடிக் குரலை மட்டும் கேட்கவேண்டும். மூன்றாம் முறை குரலுக்குக் கீழே நடப்பதைக் கேட்கவேண்டும். யாத்திரைப்பத்தில் தொடங்கி அச்சப்பத்தில் முடியும் வரிசையைக் குலைக்கலாகாது. அவ்வாறு கேட்டும் பிடிக்கவில்லையென்றால் அத்தீர்ப்பு மதிக்கத்தக்கது. ஏனெனில் அது கேட்டவரின் தீர்ப்பு. பிடித்ததென்றாலோ, பிடித்தபத்தின் எஞ்சிய பாடல்கள் ஏட்டில் காத்திருக்கின்றன.